ஜீப் விஷயமும் உனக்கொரு வேலையும்

கோத்தகிரி

அன்புள்ள சேகர்,

இங்கே நலம், அங்கேயும் அப்படித்தானே. தீபாவளிக்கு வருகிறேன் என்று நீ விட்ட கதையை நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது ஜீப் விஷயம்.

மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம். மத்தியானம் சாவியைத் தொட்டாலே போதும். விடியற்காலையில் மட்டும் பேட்டரி இறங்கும்வரை சுற்றுகிறது. கீழே ஒரு ஷெட்டில் காட்டினேன். பானெட்டைத் திறக்காமலே, "கம்ப்ரெஷன் போச்சு சார், என்ஜினை இறக்கணும்" என்றான் பையன். என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தேய்ந்து கம்ப்ரெஷன் போயிருந்தால் அங்கே புகை முட்டும், முட்டவே இல்லை. இதையா இறக்குவது?

ராயப்பண்ணனிடம் போனேன். ஷெட்டைப் பூட்டிவிட்டார், தெரியுமா? சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்தபடியே, "சைலன்சர்ல என்ன வருது, அத மொதல்ல சொல்லு" என்றார். மறுநாள் செல்வியைப் பின்னால் நிற்கவைத்துச் சுற்றினேன். முதலில் ஒன்றுமே இல்லை, அப்புறம்தான் வெள்ளைப் புகை. "ரெண்டு வியாதிடா. புகையே இல்லேன்னா டீசல் வரல. வெள்ளையா வந்தா டீசல் வருது, எரியல."

ஜீப்பில் இருப்பது பழைய பியூஜோ டீசல் என்ஜின்தானே, ஹீட்டர் பிளக் சூடாகாமல் குளிரில் எப்படி எரியும்? நாலையும் சேர்க்கும் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மீட்டர் வைத்தேன். இரண்டு ஒரு ஓமுக்கும் கீழே காட்டின, அவை நல்லவை. மற்ற இரண்டில் முள் அசையவே இல்லை.

இன்னொன்றுதான் கில்லாடி. டேங்கிலிருந்து வரும் ஹோஸுக்கு அப்பால், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் கொஞ்சம் மாட்டிப் பார்த்தேன். குமிழி குமிழியாக வருகிறது! ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடித்திருக்கிறது. அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரியில் டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. ஹோஸை மாற்றிவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல அண்ணன் கை தொடைமேல் ஸ்பேனர் திருப்பிக்கொண்டே இருந்தது. உன்னைத்தான் கேட்டார். போன் பண்ணு, இந்த வாரமே.

உனக்கு வேலை: புதுப்பேட்டையில் ஹீட்டர் பிளக் நாலு, 12 வோல்ட். பழசு ஒன்றை அனுப்புகிறேன், மரை சரியாக இருக்கிறதா பார். கடையிலேயே பேட்டரியில் வைத்து நுனி சிவந்தால்தான் காசு கொடு. பேரத்தை மச்சானிடம் விட்டுவிடு, உனக்கு வராது. அதுவரை ஜீப்பை இறக்கத்தில்தான் நிறுத்தி வைக்கிறேன்.

உன்
மணி