எட்டு மணிக்குப் பூட்டும் பூங்கா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களின் உடல் பருமன் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை என் அம்மா கத்தரித்து, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து அனுப்பியிருந்தார். ‘இந்தத் தலைமுறைக்கு உடம்பை அசைக்கச் சோம்பல்’ என்ற வரிக்குக் கீழே மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தது.

எனக்கு 27 வயது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவளாக, இருக்கிறேன். 2019-ல் வேலைக்குச் சேர்ந்தபோது 54 கிலோ, போன ஜனவரியில் 68. உயரம் 157 செ.மீ. என்பதால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 27.6 வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டாலே எடை கூடுதல், 25 என்றால் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே கட்டுரை சொல்லும் ஆள் நானேதான். ஆனால் சோம்பேறி இல்லை. கல்லூரியில் கோகோ ஆடியவள்.

ஆறு வருஷத்தில் 14 கிலோ என்றால் பயமாக இருக்கிறது. மாதக் கணக்கில் பார்த்தால் 200 கிராம்கூட இல்லை. அது யார் கண்ணுக்குத் தெரியும்? சுடிதார் தைக்கும் அக்காவுக்குத்தான் முதலில் தெரிந்தது.

எங்களிடம் பனியன் வாங்கும் பையர்கள் ஐரோப்பாவில். அவர்கள் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது நமக்கு மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். நாள் முழுக்க சாம்பிள், துணி, பட்டன், லேபிள் என்று ஓடிவிட்டு, அவர்கள் மெயிலுக்குப் பதில் எழுத உட்காரும்போது மாலை ஆகிவிடும். ஓட்டம் என்றால் போனிலும் கீபோர்டிலும் ஓடுவதுதான். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் பேக்கரியிலிருந்து டீயோடு பப்ஸோ தேங்காய் பன்னோ வந்துவிடும். ஷிப்மென்ட் வாரம் என்றால் இரவு பரோட்டா பார்சல். கம்பெனி செலவு என்பதால் யாரும் வேண்டாம் என்பதில்லை.

கீழே செக்கிங் பிரிவில் இருக்கும் அக்காக்கள் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை, நின்றபடியே வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் போய் ‘ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் என்ற நீரிழிவு ஆய்வின் ஒரு பகுதி 2014-ல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் கேட்டவர்களில் 93.1 சதவீதம் பேர் பொழுதுபோக்காக எந்த உடலுழைப்பும் செய்வதில்லை என்றது அது. அதைச் சோம்பல் என்று படிக்கலாம். ஓய்வு நேரமே இல்லை என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதாகத்தான் படிக்கிறேன்.

ஜனவரியில் டாக்டர் ‘வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்க’ என்றார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை, விட்டுவிட்டு நடந்தாலும் சேரும். சரி என்று கிளம்பினேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷத்தில் நல்ல பூங்கா இருக்கிறது. நடைபாதை, இரும்பில் செய்த உடற்பயிற்சிக் கருவிகள், எல்லாம் உண்டு. எட்டு மணிக்குப் பூட்டு. நான் வேனிலிருந்து இறங்குவது எட்டு இருபதுக்கு. ‘நாளைக்கு நேரமே வா கண்ணு’ என்பார் காவல்கார அய்யா. அவரும் என்ன செய்வார்?

காலையில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். சமையல், டிபன், எட்டு மணிக்கு வேன். தண்ணீர் வரும் நாள் என்றால் குடம் தூக்குவதே உடற்பயிற்சி. ராத்திரியில் தெருவில் நடந்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு பைக் பின்னாலேயே இரண்டு முறை மெதுவாக வந்தது. அதோடு தெரு முடிந்தது.

இப்போது மொட்டைமாடிதான். படியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை 31 அடி. நூறு முறை போய்த் திரும்பினால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். திரும்பித் திரும்பி முதல் வாரம் தலை சுற்றியது. ‘உங்க பொண்ணு ராத்திரி மாடில யார்கூடப் போன்ல பேசுது?’ என்று பக்கத்து வீட்டில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். இது நடை என்று நம்ப வைக்கவே ஒரு மாதம் ஆனது.

நான்கு மாத நடைக்கு அப்புறம் 66.5 கிலோ. ‘இவ்வளவு நடந்து ஒன்றரை கிலோதானா?’ என்று அம்மாவுக்கு ஏமாற்றம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதனால் எடை மெஷின்தான் நீதிபதி. அரை மணி நடையில் எரிவதை ஒரு பப்ஸ் திருப்பிக் கொடுத்துவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நடை மட்டும் எடையைப் பெரிதாக இறக்காது, மேலே ஏறாமல் பிடித்து வைக்கும். எடை குறையாவிட்டாலும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்றார். எனக்குத் தெரிந்தவரை, படுத்ததும் தூக்கம் வருகிறது. கம்பெனியில் மூன்றாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. மாலை பப்ஸை மட்டும் நிறுத்தினேன். பதினொரு மணி பன்னை இன்னும் விட முடியவில்லை.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4. நாலைந்து வருஷத்துக்குள் நூற்றில் பத்துப் பேர் புதிதாகச் சோம்பேறி ஆகிவிட்டார்களா என்ன?

2023-ல் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ நடைக்கு ஒரு ஞாயிறு போனேன். எட்டு கிலோமீட்டர், கூட்டத்தோடு நடப்பதால் பயமில்லை. மறுநாள் திங்கள்கிழமை, பழையபடி 31 அடி.

பூங்காவைப் பத்து மணி வரை திறந்து வைக்கச் சொல்லி எழுதுங்கள். நடைபாதையின் பின்பக்கம் இரண்டு விளக்கும் வேண்டும், அங்கே இருட்டு. அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரத்துக்கு வேறொருவரைப் போடட்டும். இல்லையென்றால் காவல்கார அய்யாவுக்கும் ஒன்றரை ஷிப்ட் ஆகிவிடப் போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.