பாண்டிக்குப் போய் வந்தேன்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் மட்டும் மாறியிருக்கிறது. அக்கா போன வாரம் பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போனாள். போனில் பேசலாம் என்றால் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், அப்புறம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். அதனால் தாளில் எழுதி, போட்டோ பிடித்து நானே அனுப்புகிறேன். அக்காவிடம் கொடுக்கவில்லை. பக்கத்துக்கு எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி.

சங்கத்தில் ஏற்பாடு செய்த பாண்டி டூர் செவ்வாய்க்கிழமை நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு உனக்குச் சென்னையில் மீட்டிங் என்று சொல்லியிருந்தாய். சரி, வேலை என்றால் வேலை. மீட்டிங் நன்றாக முடிந்ததா? சாப்பாட்டுக்கு என்ன செய்தாய்?

காலம் முழுக்க அந்த ரோட்டில் டிக்கெட் கிழித்தவனிடமே காசு வாங்கிக்கொண்டு அதே ரோட்டில் கூட்டிப்போகிறார்களே என்று அம்மா சிரித்தாள். அவள் சொல்வதும் சரிதான். கிருஷ்ணகிரியிலிருந்து பாண்டி 214 கிலோமீட்டர், கண்ணை மூடிக்கொண்டே எந்த ஊர் வருகிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் பாண்டியில் நான் பார்த்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டும், எதிரில் இருந்த டீக்கடையும், நைட் ஹால்ட்டுக்குப் படுக்கும் இடமும்தான். கடல் பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரியும். எழுந்து போய்ப் பார்க்க உடம்பு விடாது.

விடியும் முன்பே மத்தூரில் ஏறினேன். பின்படிக்கட்டுப் பக்கத்து சீட்டுதான் பிடித்தேன், பழக்கம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாய்க்குள்ளேயே தலை எண்ணிக்கொண்டிருந்தேன். டிரைவர் சின்னப் பையன், ஆனால் சிங்காரப்பேட்டை தாண்டிக் காட்டு ரோட்டில் நிதானமாக ஓட்டினான். அதற்கு முன்னாலேயே, ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்ட் வந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயலில் ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போன இடம் அதுதான். இங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை, அதற்கு முந்தின நாள் உங்கள் பாண்டியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அன்றைக்கு லைன் கிடைத்தவுடன் முதல் போன் உன்னுடையதுதான். "நீங்க எல்லாம் மேட்டுல இருக்கீங்களா" என்று கேட்டாய். அதை அம்மா இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது மழை இல்லை, லைன் எல்லாம் நன்றாகத்தான் கிடைக்கிறது.

செஞ்சியில் இட்லி, வடை. வடை ஆறிப்போயிருந்தது.

முதலில் கூட்டிப்போனது அரிக்கமேடு, அந்தக் காலத்தில் ரோமானியரோடு கப்பல் வியாபாரம் நடந்த இடம். பாண்டிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர்தான், அரியாங்குப்பம் ஆற்றங்கரை. இறங்கியதும் எங்கள் ஆட்களுக்கு ஏமாற்றம். கோயிலா, கோபுரமா, ஒன்றும் கிடையாது. தோப்புக்குள் ஒரு பழைய செங்கல் சுவர் நிற்கிறது, அவ்வளவுதான். பர்கூர்க்காரர் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து "ரோமானியர் கோட்டை" என்று பேரனுக்கு அனுப்பியே விட்டார். கைடு வந்து, ஐயா, அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது, ரோமானியர் காலத்துச் சங்கதி எல்லாம் உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது என்றான். தோண்டிப் பார்த்த குழிகளை மறுபடி மண் போட்டு மூடிவிட்டார்களாம், இல்லாவிட்டால் மழையில் கரைந்துவிடும்.

அந்தக் கைடுப் பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இந்த வேலைக்கு வந்தானாம். அதை எங்கள் முன்னால் சாதாரணமாகச் சொன்னான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற இங்கிலீஷ்காரர் இங்கே தோண்டினார். அப்போது இந்தியத் தொல்லியல் துறைக்கே அவர்தான் தலைவர். இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்த சிவப்புப் பாத்திரத்துண்டுகள் கிடைத்தன. அதில் செய்தவன் முத்திரை இருக்கிறது, நம்ம வீட்டு எவர்சில்வரில் பெயர் வெட்டி வைப்பதைப் போல. அந்த முத்திரையை வைத்துத்தான் 2000 வருஷத்துக்கு முந்தைய சரக்கு என்று கணக்குப் போட முடிந்தது. இரண்டு காது வைத்த நீளச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அதில் திராட்சை மது வந்திருக்கிறது, ஆலிவ் எண்ணெய் வந்திருக்கிறது, மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறும் வந்திருக்கிறது. கப்பலில் வந்தவனுக்கும் வீட்டுச் சாப்பாட்டு ருசி வேண்டியிருந்திருக்கிறது பார். நீ மட்டும் பரோட்டாவிலேயே காலம் தள்ளுகிறாய். வேளைக்குச் சாப்பிடு.

இங்கிருந்து போன சரக்கைப் பற்றியும் சொன்னான். மணி, துணி, மிளகு. அப்புறம் ஒரு கடன் பத்திரத்தைப் பற்றிச் சொன்னான். அது அரிக்கமேட்டுச் சங்கதி இல்லை, மேற்குக் கடற்கரை முசிறித் துறைமுகத்து வியாபாரம். முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிவர ஒரு வியாபாரி கடன் வாங்கி, பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதிக்கொடுத்திருக்கிறான். அந்தத் தாள் வியன்னாவில் இருக்கிறது. தவணைக்குக் கட்டாவிட்டால் சரக்கைக் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறதாம். எல்லோரும் ஆச்சரியப்பட்டுக் கேட்டார்கள். எனக்கு மட்டும் அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் காதில் சரியாக விழவில்லை.

பொதுவாகச் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை. இந்தப் போன் ஆப்பில் கடன் தருகிறார்களே, அதை மட்டும் தொடாதே. நம்ம பக்கத்தில் ஒரு பையன் வாங்கி, அவன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் மெசேஜ் போட்டு அசிங்கப்படுத்திவிட்டார்கள். கடன் தேவைப்படாத மனிதன் கிடையாது. தேவைப்பட்டால் வீட்டில் கேட்கிற மாதிரி கேள். எனக்கு பென்ஷன் வருகிறது, அம்மா கம்மலை விற்றுவிடப் போவதில்லை, ஆனால் அது பெட்டியில்தான் இருக்கிறது. ஆப்பில் மட்டும் வாங்காதே.

இன்னொரு கதையும் சொன்னான், அது ராத்திரியெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடிபாட்டைப் பற்றி ரொம்ப முன்பே எழுதிவைத்தவர் லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சுக்காரர். ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையில் பெரிய பெரிய பழைய செங்கல்லாகப் பெயர்த்து எடுத்துப் போவதைப் பார்த்தாராம். ஆனால் அவர் கிளம்பி வந்தது அதற்கு இல்லை. வெள்ளி கிரகம், நம்ம சுக்கிரன், சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். அது எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை நடக்கும், அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் கிடையாது. வந்து சேர்வதற்குள் பாண்டியை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். 1761இல் நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் நின்று பார்த்தார், அளவெடுக்க முடியவில்லை. சரி, அடுத்ததைப் பார்த்துவிட்டே போகிறேன் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1769 ஜூன். பாண்டியில் கருவியெல்லாம் தயாராக வைத்திருந்தார். அந்தக் காலை நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. முடிந்த பிறகு வெயில் அடித்ததாம்.

எங்கள் ஆட்கள் "அடப்பாவமே" என்றார்கள். மீதிக் கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வீட்டுக்கு எழுதின கடிதம் போய்ச் சேராமல், ஆள் செத்துப்போய்விட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். 1771இல் ஊர் போய்ச் சேர்ந்தால், சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர் இருந்த பிரெஞ்சு விஞ்ஞான சபையில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நினைத்த காரியம் நடக்காமல் போவது எந்த மனிதனுக்கும் வரும். மேகத்துக்கு அவர் என்ன செய்வார்? அவருக்குப் போன் கிடையாது, அதனால் வீட்டுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் சொல்கிறேன்.

அப்புறம் மியூசியம். பாரதி பூங்காவுக்கு எதிரில் இருக்கிறது. அரிக்கமேட்டு மணிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், கடுகளவு மணியில்கூட நூல் கோக்கத் துளை இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு சுமார். மணக்குள விநாயகரைக் கும்பிட்டோம், உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் சரியாகச் சொன்னேனா என்று அம்மா இரண்டு முறை கேட்டாள்.

நாலு மணிக்குக் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று கைடு காட்டினான். காலையில் செஞ்சியில் வடையைப் பற்றிச் சண்டை போட்ட பர்கூர்க்காரர், இந்தத் தூணாவது நன்றாக இருக்கிறதே என்றார். ஆறு மணி வரை உங்கள் நேரம், எங்கே வேண்டுமானாலும் சுற்றுங்கள் என்றார்கள். மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள். எனக்குச் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டுவரை போய்விட்டு வந்தேன். நீ இருக்க மாட்டாய் என்று தெரியும், சென்னையில் இருப்பாய். அம்மா ஒரு பை கொடுத்துவிட்டிருந்தாள், மாங்காய்த் தொக்கு, கொள்ளுப்பொடி, வறுத்த ராகி மாவு. வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வைத்தால் வாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன்.

தெரு அப்படியேதான் இருக்கிறது. கேஸ் அடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு நாம் ஏறின அந்த மாடிப்படியில் ஒரு குழந்தை சைக்கிள் சாத்தி வைத்திருந்தது. மேலே கொடியில் சின்னச் சின்னக் கவுன்கள்.

வீட்டுக்காரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார். உன்னைப் பற்றி ரொம்பப் பெருமையாகப் பேசினார். புயல் அன்று தண்ணீர் ஏறினபோது ராத்திரியில் அவர்கள் வீட்டுச் சாமான் பூராவும் நீதான் மாடிக்குத் தூக்கி வைத்தாயாமே. எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை. உன்னைப் போல ஒரு பையன் வராது என்றார். அட்வான்ஸில் வாடகை பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையிலேயே கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். ஆமாம், பையன் சொன்னான் என்றேன். பையன் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் செய்வான் என்றேன். அவரும் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. தெருமுனை இஸ்திரிக்காரர் தெரிந்தவர்தான், அவரிடம்கூட நின்று பேசாமல் வந்துவிட்டேன்.

உன் பெயருக்கு வந்த இரண்டு கவரைக் கொடுத்தார். பேங்க் கவர் மாதிரி இருக்கிறது. நான் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன். நம்ம பழைய வே பில் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், சாவி என்னிடம். தபாலில் போடவா, நீ வந்து எடுத்துக்கொள்கிறாயா, சொல்.

அம்மாவின் பையை அங்கே விடவில்லை. திரும்பி வரும்போது கைடுப் பையனிடம் கொடுத்துவிட்டேன். வேண்டாம் ஐயா என்றான், வற்புறுத்தினேன். அம்மாவிடம் உன் வீட்டில் சேர்த்துவிட்டதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அவள் தொக்கு எப்படி இருந்தது என்று கேட்பாள். நன்றாக இருந்தது, உப்புதான் கொஞ்சம் தூக்கல் என்று சொல். வெறுமனே நன்றாக இருந்தது என்றால் நம்ப மாட்டாள். வீடு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டாள், சுத்தமாக வைத்திருக்கிறான் என்றேன். நீயும் அதையே சொல்.

ஆறு மணிக்கு பஸ் கிளம்பும்போது ஒரு தலை குறைந்தது. டூர்க்காரர் கவனிக்கவில்லை, நான்தான் நிறுத்தச் சொன்னேன். பர்கூர்க்காரர் தொப்பி பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆள் ஏறாமல் நான் எந்தக் காலத்திலும் விசில் கொடுத்தது கிடையாது, உனக்கே தெரியும். எவ்வளவு லேட் ஆனாலும், டிரைவர் எவ்வளவு திட்டினாலும்.

ஆப்பில் கடன் வாங்காதே. ஏற்கெனவே வாங்கியிருந்தால் எவ்வளவு என்று மட்டும் ஒரு நம்பர் அனுப்பு, காரணம் எழுத வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. கம்பெனியில் ஏதாவது மாற்றம் இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கைடுப் பையனைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், அதை இன்னொரு முறை படி. ஊருக்கு வந்து பத்து நாள் இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அத்தை கேட்பாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சந்தூர் தோப்பில் செந்தூரா முடியப்போகிறது, மல்கோவா பழுக்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு பெட்டி கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வழக்கம்போல பாண்டி வண்டியில் போட்டுவிடலாம், இல்லை வேறு எந்த ஊர் வண்டியானாலும் சரி. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், பெங்களூர், எந்த ரூட்டிலும் எனக்குத் தெரிந்த கண்டக்டர் ஒருவராவது இருப்பார். தெரு, கதவு எண் எல்லாம் வேண்டாம். ஊர் பெயரும், எத்தனை மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்ள முடியும் என்பதும் எழுது. வெள்ளிக்கிழமைக்குள் எழுது, அதற்கு மேல் பழம் தாங்காது.

அப்பா