பெயரில் மட்டும் 'சிறப்பு'

ஐயா,

ஊர்ப்புற நூலகராக 14 ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். காலையில் பூட்டைத் திறந்து கூட்டுவதும் நான்தான். புது நூல்களுக்கு எண் எழுதி, முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்குவதும் நான்தான். டவுன் கிளையிலுள்ள மூன்றாம் நிலை நூலகரும் இதே வேலையைத்தான் செய்கிறார். அவருக்குக் காலமுறை ஊதியம், அதாவது அரசின் வழக்கமான ஊதிய விகிதம். எனக்குச் 'சிறப்பு'க் காலமுறை ஊதியம். பெயரில்தான் சிறப்பு, தொகை அதைவிடக் குறைவு. நூலக அறிவியலில் பட்டம் இருந்தென்ன? நியமன ஆணையிலுள்ள பதவிப் பெயர்தான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. நூலகங்களை நடத்த, 1948 பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, இப்போது சொத்து வரியில் 10 சதவீதம். நானும் கட்டுகிறேன். பதவி உயர்வு கேட்டு அனுப்பிய மனுவுக்கு இரண்டு வருடமாகப் பதில் இல்லை. நகலைக் கரையான் அரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

– ஊர்ப்புற நூலகர் ஒருவர்