பையைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்

நியூ மெக்சிகோவில் பழைய நெசவுப் பொருள்களுக்கு விலை மதித்துச் சான்று எழுதித் தருகிற எல்லோருக்கும்,

வணக்கம். யாரையும் பேர் சொல்லிக் குறை கூற இதை எழுதவில்லை. போன மாதம் ஒரு பழைய கைப்பையை உங்களில் ஒருவரிடம் கொண்டுபோனேன். சிவப்புக் கம்பளி நெசவு, நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகப் படிப்படியாக இறங்கும் வைரக்கட்டம், மேலே உலோக ஜிப். அவர் இரண்டு போட்டோ எடுத்தார், ‘நவாஹோ, கைநெசவு, 1940கள், 600 டாலர்’ என்று, அதாவது நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியினர் நெய்தது என்று, எழுதிக் கையெழுத்துப் போட்டார், கட்டணத்தை வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஜிப்பை அவர் ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் இழுத்துப் பார்த்தேன். லைனிங் துணி ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது, விரலை விட்டுப் புரட்டினேன். எங்கள் அப்பா தறி நெய்தவர், நீளவாட்டில் ஓடும் பாவு நூல் எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவு நூலை வெட்டி, மடித்து, தையலுக்குள் ஒளித்திருந்தார்கள். பக்கக் கரையில் பாவு இழைகள் ஒற்றையாக இல்லாமல் சேர்ந்து சேர்ந்து ஓடின. நவாஹோ நெசவாளர் நிமிர்த்தி நிறுத்திய தறியில் ஒரே நூலை மேலும் கீழுமாகச் சுற்றிப் பாவு கட்டுகிறார், அதனால் நூலை வெட்டாமலே நாலு பக்கமும் கரை முடிந்தே வரும், ஓரத்தில் முறுக்குக் கயிறு ஓடும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டு மட்டும் இருந்தால் ஏதோ பழைய நவாஹோ கம்பளத்தை அறுத்துத் தைத்தது என்று வைத்துக்கொள்ளலாம், சரி. கரையில் இழை சேர்ந்து ஓடுவது காலால் மிதித்து நெய்யும் தறியின் அடையாளம். சாந்தா ஃபே நகருக்கு வடக்கே சிமாயோ என்ற ஊரில் ஸ்பானிய வழிவந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்கிறார்களே, அந்தத் துணி. சுற்றுலாக்காரர்களுக்காக அவர்கள் கோட்டும் பையுமாகத் தைத்ததும், கடைக்காரர்கள் அதையெல்லாம் ‘இந்தியன்’, அதாவது அமெரிக்கப் பழங்குடியினர் செய்தது, என்று சொல்லி விற்றதும் உங்களுக்குத் தெரியாத கதை இல்லை.

தெரிந்தும் ஏன் அதையே திருப்பி எழுதுகிறீர்கள்? செய்யாத வேலைக்கு நவாஹோ பெயர், செய்த வேலைக்குச் சிமாயோக்காரருக்குப் பெயரே இல்லை. ஒரே வரியில் இரண்டு தரப்பு நெசவாளருக்கும் அநியாயம். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று பொய் சொல்லி விற்பதைத் தண்டிக்க 1990இல் சட்டமே கொண்டுவந்தார்கள். தங்கள் பெயரைத் துணிமணிகளுக்கு வைத்து விற்றதற்காக நவாஹோ பழங்குடியினரின் அரசான நவாஹோ தேசம் 2012இல் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற துணிக்கடை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, 2016 வரை போராடி, அப்புறம்தான் சமரசத்துக்கு வந்தது. அவ்வளவு பாடுபட்டு அவர்கள் காக்கிற பெயரைப் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் தாளை நம்பி இதை நான் விற்றிருந்தால், வாங்கியவரிடம் பொய் சொன்னவள் நான்தான்.

விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று அடுக்கி வைத்திருந்த கடையில் எங்கள் அப்பா ஒரு சேலையைத் திருப்பி, கரையை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்வேன். அதனால்தான் இந்த ஒரு தாள் என்னை இவ்வளவு உறுத்துகிறது.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். பையைத் திறந்து பாருங்கள். லைனிங்கில் தையல் விட்ட இடம் இருந்தால் அதற்குள் பாருங்கள், கரையைத் தடவிப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள். சிமாயோ என்றால் சிமாயோ என்றே எழுதுங்கள். நெய்தவர் யாரென்று பிடிபடவில்லையா, ‘நவாஹோ பாணி’ என்று அந்த ஒரு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள், போதும்.

என் சான்றை அதை எழுதியவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டாம். விலை பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை, பையைக் கொண்டுவருகிறேன், தயவுசெய்து திறந்து பார்த்துவிட்டுத் திருத்தி எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளியின் மகள்