சப்வூஃபர் வாங்கிய நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டியான உங்கள் புதிய சப்வூஃபர் பாட்டோடு ஒட்டாமல் தனியாக உறுமுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியைக் குறை சொல்லும் முன் அறையைப் பாருங்கள்.

என் அறையின் நீளம் 4.3 மீட்டர். நொடிக்கு 343 மீட்டர் என்னும் ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 அதிர்வுகள், வருகிறது. அறை தானும் சேர்ந்து அதிரும் சுரம் இதுதான். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால், அந்தச் சுரம் ஒலிக்கும்போது பின்சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அறையே அதிரும். நடுவில் உட்கார்ந்தவருக்கோ அது பெரும்பாலும் காணாமலே போய்விடும். நம் வீடுகளின் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் தாழ்ந்த ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால் இது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. இப்படி மிகுந்து ஒலிக்கும் மேட்டை, ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் தணிக்கலாம். ஆனால் சுரம் காணாமல் போகும் இப்படிப்பட்ட பள்ளத்தை நிரப்ப முடியாது, ஏனெனில் நாம் எவ்வளவு கூட்டினாலும் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியும் அதே அளவு கூடி அதை அழித்துவிடும். நாற்காலியை நடுவிலிருந்து சற்றுப் பின்னே தள்ளிப் போடுவதே எனக்குப் பலன் தந்தது.

பெட்டிக்கு இடம் தேட எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் உட்காரும் இடத்திலேயே அதை வைத்து, பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி நிறைந்த பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து காதைத் தரைக்கு அருகில் வைத்துக் கேட்டுக்கொண்டே நகருங்கள். சுரங்கள் எல்லாம் ஒரே சீராகக் கேட்கும் இடத்தில் பெட்டியை வையுங்கள். மூலையில் சத்தம் அதிகம் என்பதற்காக அதையே தேர்ந்தெடுத்துவிட வேண்டாம்.

ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிப்பதில்லை. பிறகு 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஸ்பீக்கர்களிலும் சப்வூஃபரிலும் சேர்த்து ஓடவிட்டு, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 பாகை என மாற்றிப் பார்த்து, எதில் சத்தம் கூடுகிறதோ அதில் நிறுத்துங்கள்.

சப்வூஃபரின் வால்யூமை மட்டும் காதை நம்பியே வைக்க வேண்டும். தவில் இசையை ஓடவிட்டால், தொப்பி என்னும் இடப்பக்கத்தில் கோல் விழும் ஓசையும், வலந்தலை என்னும் வலப்பக்கத்தில் விரல்கள் எழுப்பும் ஓசை கேட்கும் அதே இடத்திலிருந்தே வர வேண்டும். பெட்டி நிற்கும் இடத்துக்குக் கண் போனால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சுரங்கள் தொல்லை தரும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்