கடலை இல்லாத கடலை மிட்டாய்

அன்பு மகள் மீனாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

தீபாவளிக்கு வருகிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து கதிருக்கு என்ன பலகாரம் செய்வது என்றுதான் யோசனை. கோவில்பட்டிக்காரன் பேரனுக்கு வேர்க்கடலை அலர்ஜி என்று சொல்லிச் சொல்லி அப்பா சிரிக்கிறார். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாயை அவன் தொடக்கூட முடியாது. கோதுமையும் ஆகாது. சரி, ஆகாததை விட்டுவிட்டு ஆகிறதைப் பார்ப்போம்.

கடலை மிட்டாயைப் பூசணி விதை, சூரியகாந்தி விதை, பொட்டுக்கடலை மூன்றும் போட்டுச் செய்து பார்த்தேன். பொட்டுக்கடலை அவனுக்கு ஒத்துக்கொள்கிறது, டாக்டரும் சரி என்றார் என்று நீ சொன்னதால்தான் சேர்த்தேன். விதைகளை வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். பூசணி விதை உப்பிப் படபடவென்று வெடிக்கும்போது இறக்கிவிடு. மண்டைவெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பல்லில் ஒட்டும். சுக்கும் ஏலக்காயும் போட்டுக் கிளறி, சூடாக இருக்கும்போதே தட்டிவிடு. கடையில் மேலே தூவும் கலர் தேங்காய்ப்பூவுக்குப் பதில் வெள்ளையாகவே தூவினேன். கடலை மிட்டாயின் வாசனை வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிக்கும்போது அதே மொறுமொறுப்பு.

வெல்லம்தானே, உடம்புக்கு நல்லது என்று நீ தட்டுத்தட்டாகக் கொடுத்துவிடாதே. வெல்லமும் சர்க்கரைதான். சின்னத் துண்டாக வெட்டி வை, அவ்வளவுதான் ஆரோக்கியம்.

முறுக்கில் என்ன பயம் என்று நீ கேட்கலாம். பச்சரிசி மாவு நான்கு பங்கு, வறுத்து அரைத்த உளுந்து மாவு ஒரு பங்கு. இதில் கோதுமையும் இல்லை, கடலையும் இல்லை. ஆனால் வில்லங்கம் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது. முதலில் மாவு மில். நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு மிஷினிலேயே தங்கியிருக்கும். அதனால் வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்வேன். அடுத்து பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பார், பல கம்பெனிகள் கோதுமை மாவு அல்லது மைதா சேர்த்துத்தான் விற்கிறார்கள். எனக்கே அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. பெருங்காயம் இல்லாமல் சீரகமும் வெண்ணெயும் போட்டே பிழிந்துவிடலாம்.

மூன்றாவது எண்ணெய். நம் வீட்டில் என்றைக்கும் செக்குக் கடலை எண்ணெய்தான். அதில் கடலையின் புரதம் கலந்திருக்கும், பிள்ளைக்கு ஆகாதது அந்தப் புரதம்தான். வறுத்தாலும் பொரித்தாலும் அது போகாது. அதனால் தேங்காய் எண்ணெயில்தான் சுடப் போகிறேன். வாணலியும் கரண்டியும் புதிதாக வாங்கிவிட்டேன். அப்பா முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும்.

நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கித் தின்பாயே தேன் மிட்டாய், அதற்கு அரிசியும் உளுந்தும் சர்க்கரைப் பாகும்தான். ஆனால் கடையில் எந்த எண்ணெயில் எதையெல்லாம் பொரிக்கிறார்களோ, அதனால் அதையும் வீட்டிலேயே செய்கிறேன். கலர் பொடிக்குப் பதில் பீட்ரூட் சாறு. நிறம் கொஞ்சம் மங்கல்தான்.

உன் பெரியம்மாவை நினைத்தால்தான் கவலை. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும், லண்டனில் ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள்" என்கிறாள். 2015-ல் வெளியான அந்த ஆய்வு, அலர்ஜி வராமல் இருக்கக் கைக்குழந்தைக்குச் சீக்கிரமே கடலை கொடுத்துப் பழக்குவதைப் பற்றியது. ஏற்கெனவே அலர்ஜி உள்ள பிள்ளைக்கு வீட்டில் வைத்துச் செய்கிற வேலையா அது? டாக்டர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது. அவளிடம் நானே பேசிவிட்டேன். இருந்தாலும் அவள் வந்திருக்கும்போது கதிரைத் தனியாக விடாதே, முந்தானையில் எதையாவது முடிந்து வைத்திருப்பாள்.

அலர்ஜி கடுமையானால் உடனே போடுகிற அவனுடைய எபிபென் ஊசியை இரண்டாகவே கொண்டு வா. இங்கே மருந்துக்கடையில் அது கிடைப்பது கஷ்டம். பெட்டியில் போடாமல் கைப்பையில் வை, டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். எப்படிப் போடுவது என்று வந்த அன்றைக்கே எனக்கும் அப்பாவுக்கும் காட்டிக்கொடுத்துவிடு.

அப்புறம், மெல்போர்னிலிருந்து கிளம்பும் முன் ஒரு வேலை. எள்ளையும் முந்திரியையும் டாக்டர் சோதித்தாரா என்று நீ சொல்லவே இல்லை. கேட்டுவிட்டுப் போன் பண்ணு. எள்ளுருண்டைக்குச் சொல்லவா வேண்டாமா என்று தெரிய வேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா