உகந்தைக் காட்டுப்பாதை திறக்குமுன் அடியார்களுக்குப் பஸ் வசதியும் இராத்தங்க இடமும் ஒழுங்கு செய்து தருமாறு கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
அம்பாறை.

ஊடாக: பிரதேச செயலாளர், பிரதேச செயலகம், லகுகல.

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் பதுளை மாவட்டத் தோட்டங்களில் வேலை செய்பவர்களும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும். கதிர்காம ஆடிவேல் விழாவுக்கு உகந்தை மலை முருகன் கோவிலில் இருந்து குமண, யால காடுகளூடாக நடந்து போவது எங்கள் வழக்கம். அந்தக் காட்டுப்பாதையை விழாவை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டுமே திறந்துவிடுவார்கள். இந்த மனு காட்டுக்குள் இருக்கும் வசதிகளைப் பற்றியது அன்று. அங்கே தண்ணீர் பவுசர் வருகிறது, முதலுதவிக் கொட்டில் இருக்கிறது, அன்னதானம் கொடுப்பவர்கள் ஆற்றங்கரைகளில் அடுப்பு மூட்டிக் காத்திருக்கிறார்கள். வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்களும் படையினரும் பாதை நெடுகிலும் நிற்கிறார்கள். அதற்கெல்லாம் நன்றி. எங்கள் கஷ்டம் காட்டு வாசலுக்கு வந்து சேர்வதிலும், வாசல் திறக்கும்வரை அந்த ஓர் இரவு எங்கே தலைசாய்ப்பது என்பதிலும்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடந்து வருகிற அடியார்களுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. வெருகல், மண்டூர், திருக்கோவில் என்று அவர்கள் தங்குகிற கோவில்கள் வழிவழியாக இருக்கின்றன. ஊர்ச்சனங்கள் நாள் பார்த்துச் சமைத்து வைத்திருப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றரை மாத லீவு கிடைக்காது. உகந்தை வரை பஸ்சில் வந்து, அங்கிருந்து நான்கைந்து நாள் காட்டு நடை நடந்தால்தான் வேலைக்குத் திரும்ப முடியும். யுத்த காலத்தில் 1985 முதல் 2003 வரை குமண பூங்கா மூடிக் கிடந்தது. 2009க்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சனம் வருசத்துக்கு வருசம் கூடித்தான் போகிறது. நடையை உகந்தையில் தொடங்குகிறவர்கள் இத்தனை பேர் ஆன பிறகும், ஒழுங்குகள் பெரும்பாலும் உகந்தைக்கு அப்பால்தான் தொடங்குகின்றன.

எங்கள் பாதையைத் தாங்கள் ஒருமுறை வரைபடத்தில் பார்க்க வேண்டும். தோட்டத்தில் விடிய முதல் புறப்பட்டால் பதுளை டவுன். அங்கிருந்து மொனராகலை. பிறகு ஏ4 வீதியில் சியம்பலாண்டுவ, லகுகல தாண்டிப் பொத்துவில். ஒரு பஸ் தவறினால் அடுத்ததும் தவறும். பொத்துவிலில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். அங்கிருந்து அறுகம்பை, பாணமை கடந்து உகந்தை போக அந்த நேரத்தில் பஸ் இல்லை. மிச்சம் இருப்பவை வானும் ஓட்டோவும், பெட்டி பூட்டிய லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரமும்தான். எல்லாரையும் குற்றம் சொல்ல மாட்டோம், காசு வேண்டாம் சாமி என்று ஏற்றிப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காவித் துணியையும் மூட்டையையும் கண்டதும் கூலி ஏறுகிற வண்டிகள் அதிகம். போன யாத்திரையில் எங்கள் குழுவுக்குப் பொத்துவிலில் ஒரு தொகை பேசி, பாணமையில் நிறுத்தி, யானை நிற்கிறது என்று சொல்லி இன்னொரு தொகை கேட்டார்கள். யானை நின்றது உண்மை. அதனால்தான் கொடுத்தோம். காசில்லாத இன்னொரு குழு, வயதான பெண்களோடு, உழவு இயந்திரப் பெட்டியில் நின்றுகொண்டே அந்த இருட்டில் வந்து சேர்ந்தது.

இரவு தங்க அறை எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அறுகம்பையில் கடலலைச் சறுக்கு விளையாட்டுக்கு வெளிநாட்டவர்கள் வந்து குவிவதும் இதே ஜூன், ஜூலையில்தான். அங்கே ஓர் இரவு அறை வாடகை, கொழுந்து பறிக்கிற பெண்ணின் பல நாள் சம்பளம். உகந்தைக் கோவில் மண்டபமும் மடமும் கொடியேற்றத்தை ஒட்டிய நாட்களில் நிரம்பி வழிகின்றன. கோவில்காரர்கள் முடிந்ததைச் செய்கிறார்கள், அவர்களிடம் இதற்குமேல் கேட்க மனம் வரவில்லை. மிஞ்சுபவர்கள் மரத்தடியிலும் மணலிலும் படுக்கிறார்கள். கச்சான் காற்றில் அள்ளி வருகிற மணல், விரித்த சாக்கை விடிவதற்குள் பாதி மூடிவிடும். ஆண்களுக்கு அது பெரிய விசயமில்லை. பெண்களுக்கு மலசலகூட வரிசையும், வெளிச்சமில்லாத இடத்தில் உடுப்பு மாற்றுவதும்தான் பாடு. அந்தச் சங்கடத்துக்காகவே மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, அடுத்த நாள் காட்டுக்குள் முதல் சில மைலிலேயே சுருண்டு விழுந்த அக்காமார் எங்களோடு இருக்கிறார்கள். முதலுதவிக் கொட்டிலுக்கு வருகிற மயக்கங்களில் ஒரு பகுதி முதல் நாள் இரவே தொடங்கியவை என்பது எங்கள் அனுபவம்.

ஆகவே தாங்கள் கூட்டும் ஆயத்தக் கூட்டத்தில் இராத்தங்கலையும் ஒரு விடயமாக எடுக்குமாறு கேட்கிறோம். பொத்துவிலிலும் பாணமையிலும் உள்ள பாடசாலைகளின் மண்டபங்களைப் பாதை திறந்திருக்கும் நாட்களில் மாலை முதல் விடியற்காலை வரை தந்துதவலாம். அது தவணைக் காலம் என்பது தெரியும். பிள்ளைகள் வருவதற்கு முன் கூட்டிக் கழுவிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு குழுவின் பெயர்ப் பட்டியலையும் அடையாள அட்டை இலக்கங்களையும் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கையளிப்போம். பொத்துவில் முஸ்லிம் மக்கள் வீதியோரம் நின்று எங்களுக்குத் தண்ணீரும் சர்பத்தும் கொடுத்திருக்கிறார்கள். பாணமைச் சிங்கள மக்களும் கதிர்காமக் கடவுளைக் கும்பிடுகிறவர்கள்தான். கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம், ஆனால் கேட்க வேண்டியது அரசாங்கம். நாங்கள் கூட்டமாகப் போய்ப் பாடசாலை அதிபரின் வாசலில் நின்றால் நன்றாக இராது. உகந்தையில் பெண்களுக்கென ஒரு தகரக் கொட்டகை, மின்விளக்கு, பக்கத்தில் தற்காலிக மலசலகூடங்கள் ஆகியவற்றுக்காவது இந்த வருசம் வழி செய்யுங்கள்.

பஸ் விசயத்தில் இலவசம் கேட்கவில்லை. மொனராகலையிலிருந்து வருகிற கடைசி பஸ் பொத்துவிலை அடைந்த பிறகு, அதற்காகக் காத்திருந்து உகந்தைக்குப் புறப்படுகிற ஒரு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் போதும். முடிந்தால் பதுளையிலிருந்து நேரடியாக ஒரு விசேட சேவை. தனியார் வண்டிகளுக்குப் பொத்துவில்–உகந்தைக் கூலியை நிர்ணயித்து, பஸ் நிலையத்தில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினால் பேரம் பேசும் இடமே இராது.

திகதி அறிவிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கதிர்காமத் திருவிழா 2024இல் ஜூலை 6இல் தொடங்கியது, 2025இல் ஜூன் 26இலேயே தொடங்கிவிட்டது. விழா நாளைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லலாம், காட்டு வாசல் திறக்கும் நாளை அப்படிச் சொல்ல முடியாது. அது பிந்தி வந்தாலோ இடையில் மாறினாலோ, வெள்ளைச் சட்டை உத்தியோகம் பார்ப்பவர் ஒரு நாள் லீவை மாற்றிக்கொள்வார். நாட்சம்பளக்காரர் முடியாது. தோட்டத்தில் லீவு சொல்லி, சீட்டுக் காசு எடுத்து, விரதம் பிடித்து, துணைக்கு ஆள் பார்த்துப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தோடு பேசித் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் வேளைக்கே முடிவு செய்து, பதுளை, நுவரெலியா மாவட்டச் செயலகங்களுக்கும் தமிழில் அறிவித்தால் பெரிய உபகாரம்.

கடைசியாக மூட்டை. காட்டுக்குத் தேவை அவல், சீனி, தண்ணீர்ப் போத்தல், ஒரு போர்வை. ஆனால் கதிர்காமத்தில் உடுக்க வேண்டிய துணி, திரும்பிப் போக வைத்த பை எல்லாவற்றையும் சுமந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது, விட்டுவிட்டுப் போக இடமில்லை. பொலித்தீன் தடை மிகச் சரியான ஏற்பாடு, மான் தின்று சாகக்கூடாது. வாசலில் சோதனை நடக்கும்போது அவலைச் சொப்பிங் பையிலிருந்து துவாயில் கொட்டி முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்தால், இதைப் பொத்துவிலிலேயே சொல்லித் துணிப்பை கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேயே மேலதிக மூட்டைகளுக்கு இலக்கத் துண்டு கொடுத்து வாங்கி, லொறியில் மொனராகலை, புத்தள வழியாகக் கதிர்காமத்துக்கு அனுப்பலாம். லொறிக் கூலியை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்ட நாங்கள் ஆயத்தம். அதைப் பொறுப்பெடுக்க ஓர் உத்தியோகத்தரும், கதிர்காமத்தில் பூட்டுப் போடக்கூடிய ஓர் அறையும் தேவை. கதிர்காமம் மொனராகலை மாவட்டம் என்பதால் இரண்டு செயலகங்களும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

கூட்டம் நடைபெறும் திகதியை அறிவித்தால் எங்களில் இருவர் சொந்தச் செலவில் அம்பாறைக்கு வந்து விபரம் சொல்லத் தயாராக இருக்கிறோம். அவர்களில் ஒருவர் சிங்களத்திலும் பேசக்கூடியவர்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
பதுளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து உகந்தை வழியாகக் கதிர்காமம் செல்லும் அடியார்கள் சார்பில்
(ஒப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்:
மாவட்டச் செயலாளர், மொனராகலை.
மாவட்டச் செயலாளர், பதுளை.
பொறுப்பதிகாரி, குமண தேசிய பூங்கா.
முகாமையாளர், இலங்கைப் போக்குவரத்துச் சபை, பொத்துவில்.